சம்பா வயலில் எலி வெட்டு: விஷம் வைக்காமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி, நவம்பர் 16

"திருவாரூர் பக்கம் அரை வேலி (மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்) சம்பா. கதிர் வெளிவரும் முன் தொண்டைக்கு வந்திருக்கும் நேரத்தில் எலி வெட்டத் தொடங்கிவிட்டது. கடையில் எலி விஷக் கேக் வாங்கி வரப்பில் வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் நாய், கோழி, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விஷம் இல்லாமல் எலியை அடக்குவதெல்லாம் மேடைப் பேச்சு என்கிறார் பக்கத்து வயல்காரர். உண்மையா?"

நவம்பர் 16, இரவு

மேடைப் பேச்சு இல்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் வயலில் எலிக்கு விஷம் வைப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. நெல் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது பிந்திய நேரம். தொண்டைக்கதிரில் நிற்கும் பயிருக்கு இப்போது செய்ய முடிந்தது ஒன்றுதான்: கிட்டி என்ற மூங்கில் பொறி வைக்கும் கிட்டிக்காரரைக் கூப்பிடுங்கள், நாளைக்கே. மற்றதை விளக்கமாகப் பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 17

பிந்திய நேரம் என்று ஏன் சொன்னேன்?

டெல்டாவில் அதிகம் வெட்டுவது, மண்ணைத் தள்ளி வளை தோண்டும் பருத்த வயலெலி. பெருச்சாளிக்கு நெருங்கிய சொந்தம், உருவத்தில் சிறியது. அதோடு புல்லெலியும் சுண்டெலியும் சேர்ந்துகொள்ளும். இந்த வயலெலி ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் குட்டி போடுவதில்லை. நெல் சூல் கொள்ளும்போது அதுவும் சூல் கொள்கிறது. கர்ப்பம் ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டிகள் வரை. ஈன்ற சில நாட்களில் மறுபடியும் சினையாகிவிடும். நடவு நட்ட புதிதில் ஒரு பெட்டை எலியைப் பிடித்தால் அறுவடை வரை வரக்கூடிய ஒரு குடும்பமே குறைகிறது. இப்போது பிடித்தால் ஒரு எலிதான் குறைகிறது.

விஷத்துக்கும் இதே கணக்குதான். ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி விஷத்தை, எண்ணெய் கலந்த 49 பங்கு பொரிக்கு ஒரு பங்கு என்று சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு முன் இரண்டு நாள் விஷமில்லாத பொரியை வைத்துப் பழக்க வேண்டும். ஏனென்றால் கொஞ்சம் தின்று பிழைத்துவிட்ட எலி மறுபடி அந்தத் தீனியைத் தொடாது. சரி, பழக்கியும் வைத்தாயிற்று. வயல் முழுவதும் பால் பிடித்த நெல் நிற்கும்போது வரப்பில் கிடக்கும் பொரியை எந்த எலி தேடி வரும்? மக்கள் பயந்துபோய் அதிகம் விஷம் வைக்கும் காலமும் இதுதான், விஷம் மிகக் குறைவாக வேலை செய்யும் காலமும் இதுதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

நவம்பர் 17, சற்று நேரம் கழித்து

கேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். அது பெரும்பாலும் புரோமாடியலோன். இரத்தம் உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது, சில நாட்கள் தள்ளாடித் திரியும். பகலிலும் வெளியே வரும். அப்படிப்பட்ட எலியைத்தான் கூகையும் பருந்தும் பூனையும் எளிதாகப் பிடிக்கின்றன. மருந்து ஈரலில் தங்கிவிடுவதால் அவற்றுக்கும் சேதம். எலியைத் தின்பவற்றைக் கொன்றுவிட்டு எலியைக் குறைக்க நினைப்பது எந்த வகையில் சேரும்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்றதால் இன்னொன்றும் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. பழைய டியூப் எரவாணத்தில் செருகி வைத்திருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அது ஈரலை அழித்துவிடும், முறிவு மருந்து கிடையாது.

நவம்பர் 19

"வரப்பில் நின்று பார்த்தால் பயிர் நன்றாகத்தான் தெரிகிறது, உள்ளே போனால்தான் பாய் விரித்த மாதிரி வெட்டிக் கிடக்கிறது" என்று நாகப்பட்டினம் நண்பர் எழுதியிருக்கிறார். அதுதான் வயலெலியின் வழக்கம். ஓரத்துப் பயிரை விட்டுவிட்டு நடுவில் வெட்டும். ஓரத்தில் மறைவு குறைவு, ஆள் நடமாட்டம், நாய். எனவே வரப்பில் நடந்து பார்ப்பது பார்த்ததாகாது. வாரம் ஒரு முறையாவது குறுக்கே இறங்கி நடக்க வேண்டும்.

வெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு சாய்வாகக் கத்தியால் சீவியதுபோல் இருக்கும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. துண்டுகள் பக்கத்தில் மிதக்கும். குருத்துப்பூச்சி தாக்கிய வெண்கதிரானால் தூரில் நின்றபடி வெளுத்திருக்கும், இழுத்தால் கையோடு வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பூச்சிமருந்து அடித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

தூர் கட்டும் பருவத்து வெட்டைப் பயிர் ஓரளவு ஈடுகட்டிவிடும், புதுத் தூர் வெடிக்கும். கதிர் உருவான பிறகு வெட்டினால் போனது போனதுதான்.

நவம்பர் 22

கிட்டி வைத்தாயிற்று என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். முதல் இரவே சாக்கில் கணிசமாக விழுந்ததாம். மகிழ்ச்சி.

கேள்விப்படாதவர்களுக்காக: தஞ்சாவூர்க் கிட்டி என்பது மூங்கிலால் செய்த வில் பொறி. பிளந்த மூங்கில் பட்டையை வளைத்து நாண் ஏற்றி, மூங்கில் சட்டத்தில் ஒரு சின்னக் குச்சியால் தடுத்து வைத்திருப்பார்கள். இரையை எலி அசைத்ததும் குச்சி நழுவும், நாண் கழுத்தில் இறங்கும். உயிர் உடனே போய்விடும். மின்சாரம் வேண்டாம், இரும்பு வேண்டாம், உடைந்தால் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்யலாம்.

ஆனால் கிட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பயனில்லை. எங்களுக்கு வைத்துத் தருபவர் பொழுது சாயும் முன் வந்து முதலில் வயலைச் சுற்றிப் பார்ப்பார். நீரில் சாய்ந்து கிடக்கும் இலை, வரப்பு விளிம்பில் வழுவழுப்பான தேய்மானம், ஈரமண்ணில் வால் இழுபட்ட கோடு. இவற்றை வைத்து எலியின் தடத்தைக் கண்டுபிடித்து, தடத்துக்கு நேரே வைப்பார். நான் வைத்தால் எலி சுற்றிக்கொண்டு போகும் இடத்தில், அவர் வைத்தால் எலி நேரே வருகிறது. விடியும் முன்பே எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் காலையில் இரை தேடும் நீர்க்கோழி மாட்டும். எங்கள் பக்கம் வாலை எண்ணிக் கூலி கொடுப்பது வழக்கம்.

இந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விஷம் வாங்கச் செலவழிக்கத் தயங்காதவர்கள் இவருக்குக் கூலி பேசும்போது மட்டும் இழுபறி செய்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஒரு கைத்திறன் ஊரில் நிலைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒழுங்கான கூலி கொடுக்க வேண்டும்.

நவம்பர் 23

வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து இரவில் மின்சாரம் விடலாம், எலி ஒன்றும் மிஞ்சாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

செய்யாதீர்கள். தண்ணீர் பாய்ச்ச இருட்டில் வரும் பக்கத்து வயல்காரர், தவளை பிடிக்க வரும் பையன், மேய்ச்சலுக்குத் தப்பி வந்த மாடு. எலிக்காக இழுத்த கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், கம்பி இழுத்தவரே மறந்துபோய்க் காலை வைத்துச் செத்ததும் உண்டு. சட்டப்படியும் குற்றம். இதில் விவாதம் எதுவும் கிடையாது.

டிசம்பர் 3

கூகைக்கு இருக்கை நடுவதைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 முதல் 50 வரை. T வடிவில் கம்பு நடலாம். எங்கள் பக்கம் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றுகிறோம், அடிமட்டை அகலமாக இருப்பதால் உட்காரத் தோதானது. பனை ஓலையைக் கட்டினால் காற்றில் சலசலக்கும், எலி அந்தப் பக்கம் வரத் தயங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓரிரு இரவு தயங்கும் என்பது வரை சரி. பிறகு பழகிவிடும்.

நடவு நட்டதும் ஊன்றிவிட வேண்டும். பயிர் இளசாக, தண்ணீர் தெரியும்படி இருக்கும்போதுதான் மேலிருந்து பார்க்கும் பறவைக்கு எலி தெரியும். பயிர் மூடிக்கொண்ட பிறகு கூகையால் அதிகம் செய்ய முடியாது. பால் பிடித்ததும் கம்புகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையேல் கிளியும் சில்லையும் அதே இருக்கையில் உட்கார்ந்து கதிரைத் தின்னும். நடச் சொல்பவர்கள் எடுக்கச் சொல்வதில்லை.

எங்கள் போர்செட் கொட்டகைக்குப் பின்னால் உள்ள பழைய சுவரில் ஒரு கூகை இணை இருக்கிறது. அடியில் கருத்த உருண்டைகள் கிடக்கும், கட்டைவிரல் பருமன், காய்ந்ததும் லேசாக இருக்கும். எச்சம் என்று நினைப்பார்கள். செரிக்காத மயிரும் எலும்பும் சேர்ந்து வாய் வழியாக வெளியே வந்தவை அவை. தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் முழு மண்டையோடுகள் கிடைக்கும். முன்பல் மஞ்சளும் ஆரஞ்சுமாக உளிபோல் வளைந்திருந்தால் எலி. பற்கள் வெள்ளையாக, ஊசி ஊசியாக இருந்தால் மூஞ்சூறு. அது எலியே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. என் அண்ணன் மகள் இப்படி ஒரு தீப்பெட்டி நிறைய எலித் தாடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். சாக்குருவி என்று கல்லெறிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தத் தீப்பெட்டியைப் பார்த்த பிறகு எறிவதில்லை.

டிசம்பர் 9

கூகையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கூடு வைத்தால் போதுமா, கிட்டி வேண்டாமா என்று கேட்கிறார்கள். போதாது.

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்கு மரப்பெட்டி வைத்து எலியை அடக்குகிறார்கள். இஸ்ரேலில் 1980களில் ஒரு கூட்டுப் பண்ணையில் தொடங்கிய பெட்டித் திட்டம் பிறகு எல்லை தாண்டி ஜோர்டானுக்கும் பாலஸ்தீனப் பகுதிகளுக்கும் போனது. அங்கெல்லாம் அது பயன் தருகிறது என்றால், பெட்டி வைத்தவர்கள் கூடவே விஷத்தையும் குறைத்தார்கள். பனைத்தோட்டத்தின் தரையும் நம் சம்பா வயலும் ஒன்றல்ல. இங்கே மூன்று மாதம் பயிர் மூடிக்கிடக்கிறது. கூகை பெரிய உதவி, ஆனால் அது வேலையில் ஒரு பங்கு மட்டுமே. சாரைப்பாம்பும் அப்படித்தான். சாரையை அடிப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டியோடு தின்னக்கூடிய ஆள் அது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும்கூட.

டிசம்பர் 20

சேர்ந்துபோன சில கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பூனை வீட்டுக்கும் களத்துக்கும் உதவும், சேற்று வயலுக்கு உதவாது. ஒலி எழுப்பும் மின்கருவிக்குக் காசு கொடுக்காதீர்கள். பசை அட்டை வைக்காதீர்கள், ஓணானும் குருவியும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும், எலிக்கும் அந்தச் சாவு வேண்டாம். பப்பாளிக்காய்த் துண்டு வைத்தால் எலி வாய் வெந்து ஓடும் என்கிறார்கள். எங்கள் வயலில் துண்டுகள் காணாமல் போயின, எலி போகவில்லை.

ஜனவரி 21

பொங்கல் கழிந்து அறுவடை நடக்கிறது. இயந்திரம் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு நடுவுக்கு வரும்போது எலிகளெல்லாம் கடைசித் திட்டில் ஒதுங்கும். அந்த நேரத்தில் நாய்களும் நாலு ஆளும் நின்றால் ஒரே மணி நேரத்தில் பெரிய வேலை முடியும். பருந்துகள் அதை எப்படியோ தெரிந்துகொண்டு முன்பே வந்து வட்டமடிக்கின்றன.

அறுத்த மறுநாள் வளை வெட்டினோம். வாயில் புது மண் தள்ளி அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். தப்பிக்கும் வாசல் ஒன்று சற்றுத் தள்ளி மெல்லிய மண்மூடியோடு இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு வளையில் வழி மூன்று கிளையாகப் பிரிந்தது. ஒன்றின் கடைசியில் வைக்கோல் நாரைக் கிழித்து மெத்தைபோல் அமைத்திருந்தது, அதில் கண் திறக்காத குட்டிகள். இன்னொன்றில் கதிர்கள், எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கியவை, சேறு படாமல். என் சிறு வயதில் அறுவடைக்குப் பின் இந்த நெல்லை வெட்டி எடுத்தே சில வீடுகளில் உலை வைத்தார்கள். வட மாவட்டங்களில் இருளர் மக்கள் மண்பானையில் வைக்கோல் புகை போட்டு, வாயால் ஊதி எலியை வெளியேற்றிப் பிடிப்பார்கள். புகை ஊதுபவரின் நெஞ்சுக்குத்தான் கேடு. அதற்காகக் கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி பிறகு அவர்களிடம் வந்தது.

வளை வெட்டுபவர்கள் கையுறை போடுங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் எலிக்காய்ச்சலைத் தரும். வயல் வேலைக்குப் பிறகு திடீரென்று கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் "வயலில் எலி வெட்டினேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும்.

பிப்ரவரி 8

பேச்சு தென்னைக்குப் போய்விட்டது, போகட்டும். குரும்பை ஓட்டையோடு விழுகிறது என்றால் அது வயலெலி அல்ல, கொண்டையிலேயே கூடு கட்டும் மரத்து எலி. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடித்தால் ஏற முடியாமல் வழுக்கும். ஆனால் அடிக்கும் முன் கொண்டையைச் சுத்தம் செய்து, உள்ளே இருப்பதை விரட்டிவிட வேண்டும். பக்கத்து மரத்து மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் எலி மேலேயே தாவிவிடும், தகரம் வீண். நெருக்கி நட்ட தோப்புக்கு இது ஆகாது.

மார்ச் 2

"அரசாங்கமே வாலுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எலி ஒழிந்துவிடாதா?" என்று ஒருவர்.

மிசோரத்தில் செய்தார்கள். அங்கே காட்டை மூடியிருக்கும் மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்க்கும். 1911, 1959, 2007. காய் கொட்டியதும் எலி பெருகும், காய் தீர்ந்ததும் அத்தனையும் வயலுக்குள் இறங்கும். 1959-இல் வந்த பஞ்சமும் அதைக் கையாண்ட விதத்தின் மீது எழுந்த கோபமும்தான் 1966 கிளர்ச்சி வரை கொண்டுபோயின. அடுத்த பூப்பு நெருங்கியபோது வாலுக்கு 2 ரூபாய் என்று கொடுத்து லட்சக்கணக்கில் வால்களை வாங்கினார்கள். அப்படியும் பயிர் போனது. எலியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அதன் தீனி. தீனி குவிந்துகிடக்கும்போது எத்தனை பிடித்தாலும் இடம் நிரம்பிவிடுகிறது. தீனி இல்லாத காலத்தில், சேர்ந்து நிற்கும் கொஞ்சத்தைப் பிடிக்க வேண்டும்.

டெல்டாவில் அந்தக் காலம் எது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உளுந்து, பயறு எடுத்த பிறகு, ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்.

ஏப்ரல் 27

உளுந்து முடிந்தது. வயல் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. இப்போது எலி எங்கே? வாய்க்கால் கரை, குளத்து மேடு, சுடுகாட்டுப் புதர், மூங்கில் கொத்து, வைக்கோல் போர் அடியில். வேலிக்கணக்கில் பரவிக் கிடந்தது சில திட்டுகளுக்குள் அடங்கிவிட்டது. அந்தத் திட்டுகள் யாருடைய நிலமும் அல்ல, பெரும்பாலும் புறம்போக்கு. அதனால்தான் தனியாள் யாரும் அங்கே கை வைப்பதில்லை, ஊர் கூடினால்தான் நடக்கும். என் வயலில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் வயலிலிருந்து ஒரு வாரத்தில் வந்து நிரப்பும்.

வரப்பையும் இப்போதே குறைக்கலாம். 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது பல்கலைக்கழகம். ஒல்லியான வரப்பில் எலியால் வளை வைக்க முடியாது. "வண்டி போக வேண்டுமே" என்பார்கள். வண்டி போகும் வரப்பு ஒன்று போதும், எல்லா வரப்பும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

மே 6

வேலித்தடுப்புப் பொறி பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். மலேசியாவில் தொடங்கி இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் சோதித்த முறை. ஊரெல்லாம் நடுவதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு சின்னப் பாத்தியில், 20 அல்லது 25 மீட்டர் சதுரத்தில் நெல் நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் தாளால் வேலி கட்டி, வேலியில் சில ஓட்டைகள் விட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ளே கம்பிக் கூண்டு வைப்பார்கள். ஊரில் முதலில் சூல் கொள்ளும் பயிர் அதுதான் என்பதால் சுற்றுவட்டார எலி அதைத் தேடி வந்து கூண்டில் விழும். ஒரு பாத்தி 10 முதல் 15 ஹெக்டேர் வரை காக்கும் என்பது அவர்கள் கண்டது. தாளும் கூண்டும் செலவுதான். ஒருவர் தலையில் விழுந்தால் தாங்காது, பதினைந்து ஹெக்டேர்க்காரர்கள் பங்கிட்டால் பெரிய தொகையல்ல. கூண்டைத் தினமும் காலையில் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி பேசாமல் தொடங்காதீர்கள்.

ஊர் முழுவதும் இரண்டு வார இடைவெளிக்குள் நட்டு முடித்தால் எலிக்குக் கிடைக்கும் சினைக்காலமும் சுருங்கும். ஒருவர் குறுவை, ஒருவர் முன்பட்டச் சம்பா, ஒருவர் தாளடி என்று இழுத்துக்கொண்டே போனால் எலிக்கு ஆண்டு முழுவதும் விருந்து. தண்ணீர் ஒழுங்காக வந்தால்தான் இது நடக்கும் என்பதும் தெரிந்ததே. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும்.

மே 19

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பக்கத்து வயல்காரர், மேடைப் பேச்சு என்று சொன்ன அதே ஆள், இந்த முறை வளை வெட்ட வருகிறாராம். அவருடைய வயலில் கேக் வைத்தும் வெட்டு நிற்கவில்லை, வைத்த வாரத்திலேயே அவர் வளர்த்த நாய் போய்விட்டது. அவரிடம் நான் சொல்ல வேறெதுவும் இல்லை. வரட்டும்.

வரும் ஞாயிறு அதிகாலை எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் தொடங்குகிறோம், வெயில் ஏறும் முன் முடிப்போம். ஊராட்சியில் சொல்லியாயிற்று, கரை உடையாமல் வெட்டிய இடத்தை அன்றே மண் போட்டு மிதித்து மூடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். மண்வெட்டி, கடப்பாரை, பழைய சாக்கு, முழு ரப்பர் செருப்பு, கையுறை கொண்டு வாருங்கள். கிட்டிக்காரர் இருவர் சனிக்கிழமை மாலையே வந்து வைக்கிறார்கள், அவர்கள் கூலியை ஏக்கர் கணக்கில் பங்கிட்டுக்கொள்கிறோம். பிடித்த எலியை ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்போம், வாய்க்காலில் போட வேண்டாம். சாரை வந்தால் வழி விடுங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

திருவாரூர்ப் பக்கம் அடுத்த ஞாயிறு வைத்துக்கொண்டால் எங்கள் ஆட்கள் நால்வர் வர முடியும். இடத்தை எழுதுங்கள்.